மாரக்காள் போட்ட எல்லை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாரக்காள் பொய் சொன்னாள். பொய் என்று தெரிந்தே நான் அதை எழுதிக்கொண்டேன். அதன் அடியில் வனத்துறை ஒரு கையெழுத்தும் எங்கள் அறக்கட்டளை ஒரு கையெழுத்தும் போட்டு அதை உண்மையாக்கின. இதில் யார் செய்தது பெரிய தப்பு என்று யாராவது கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. கேட்கிறவர்கள் ஒருவரும் அன்றைக்கு அந்த ஏரிக்கரையில் நிற்கவில்லை.

என் பெயர் ஜீவானந்தம். சேலம் அம்மாபேட்டைக்காரன். சமூகப்பணி படித்துவிட்டு நீர்ச்சிறகு அறக்கட்டளையில் களப்பணி ஒருங்கிணைப்பாளனாகச் சேர்ந்தேன். பெயர்தான் நீளம், வேலை ஊர் ஊராகப் போய் டீ குடித்துக் கூட்டம் கூட்டுவது. நாமக்கல்லிலிருந்து மோகனூர் போகிற சாலையில் கொஞ்சம் உள்ளே தள்ளி நெட்டவேலன் ஏரி இருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் வாத்தும் நாரையும் உள்ளானும் வந்து இறங்கும். அந்த ஏரியைப் பறவைகளுக்கான பாதுகாப்புப் பகுதியாக அறிவித்து, வனத்துறையும் நாங்களும் சேர்ந்து பராமரிப்பது என்று ஐந்து வருட ஒப்பந்தம். சட்டம் அவர்கள் பொறுப்பு, மக்கள் எங்கள் பொறுப்பு. எந்தக் காகிதமானாலும் இரண்டு கையெழுத்து வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கும். இரண்டு தரப்பு கையெழுத்துப் போட்ட காகிதத்துக்கு ஒருவரும் பொறுப்பில்லை என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

மக்கள் எங்கள் பொறுப்பு என்றேனே, அந்த மக்களில் முதல் ஆள் மாரக்காள். வயது நாற்பத்தைந்து இருக்கும். ஏரியின் கிழக்குச் சரிவில் பதினொரு வீடுகள், அதில் ஒன்று அவளுடையது. புருஷன் ரங்கன் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் சத்தீஸ்கர் பக்கம் ஆழ்துளைக் கிணறு போடப் போகிறவர். வருடத்துக்கு இரண்டு தடவை வந்தால் அதிகம். அவர் அங்கே பூமியைத் துளைத்து அனுப்பியதை வைத்து இவள் இங்கே இருபத்திரண்டு வருடமாக வீட்டைக் கட்டினாள். ஒரு வருடம் சுவர், ஒரு வருடம் கூரை, ஒரு வருடம் சிவப்பு சிமென்ட் தரை. கரண்ட் பில் அவள் பெயரில் வந்தது, ரேஷன் அட்டை இருந்தது, பட்டா மட்டும் இல்லை. அந்த வீடு தன்னுடையது என்று யாராவது ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டால் போதும் என்பது ஒன்றுதான் அவள் ஆசை.

அதைத் தெரிந்துகொண்டுதான் நான் அவளைப் பிடித்தேன். "ஏரியைக் காப்பாத்தறவங்க வீட்டை யாரு அக்கா தொடப் போறாங்க?" என்றேன். சும்மா சொன்னதுதான். கூட்டத்துக்கு ஆள் சேர்க்க இதைவிடப் பெரிய பொய்யெல்லாம் சொல்லியிருக்கிறேன். ஆனால் அவள் அதை அப்படியே நம்பிவிட்டாள்.

ஏரிப் பாதுகாப்புக் குழுவுக்கு அவள் துணைத்தலைவி ஆனாள். மூன்று வருடம் உயிரைக் கொடுத்து உழைத்தாள். கண்ணி வைத்துக் கொக்கு பிடிக்க வந்தவர்களை விளக்குமாற்றோடு துரத்தினாள். தீபாவளிக்குப் பதினொரு வீட்டிலும் வெடி வெடிக்கக் கூடாது என்று கட்டுப்பாடு போட்டாள். பறவைகளுக்கு அவளாகவே பெயர் வைத்திருந்தாள், அதையும் நான் அறிக்கையில் எழுதிப் பாராட்டு வாங்கினேன். துறை முத்திரையும் எங்கள் முத்திரையும் போட்ட அடையாள அட்டையைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டியிருந்தாள்.

ஏரியின் மேற்குச் சரிவில் சென்னிமலை என்பவரின் கோழிப்பண்ணை இருந்தது. அந்தப் பண்ணையிலிருந்து கிளம்பும் ஈ, கிழக்குச் சரிவில் சோற்றுத் தட்டில் உட்காரும். செத்த கோழிகளைச் சாக்கில் கட்டி ஏரியில் போட்டுவிடுவார்கள். கிராமசபையில் எல்லார் முன்னாலும் மாரக்காள் இதைக் கேட்டாள். சென்னிமலை நாற்காலியைவிட்டு எழவில்லை.

"பொறம்போக்குல குந்திக்கிட்டு ஏரிக்கு நாயம் பேச வந்துட்டா. மொதல்ல உன்ற ஊட்டுக்கு ஒரு பட்டாவக் காட்டு. அப்புறமேலு என்ற கொட்டாயப் பத்திப் பேசலாம்."

சபை சிரித்தது. நானும் அங்கேதான் இருந்தேன், சிரிக்கவில்லை, எதிர்த்தும் பேசவில்லை. மாரக்காள் உட்கார்ந்துவிட்டாள். அன்றிலிருந்து அவளுக்கு வீட்டின் மேல் இருந்த ஆசைக்குச் சமமாக இன்னொரு ஆசையும் வந்துவிட்டது. அந்தக் கோழிக் கொட்டாய் இடிந்து விழுவதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும்.

ஏரியைப் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்க எல்லை வேண்டும். பழைய வரைபடத்தில் ஏரி சின்னதாக இருந்தது. நூற்றிருபது ஏக்கர் தேறாவிட்டால் திட்டத்தை ஆத்தூர்ப் பக்கம் வேறு ஏரிக்கு மாற்றிவிடுவதாக எங்கள் இயக்குநர் சித்தார்த் சென்னையிலிருந்து சொல்லியிருந்தார். திட்டம் போனால் என் வேலையும் போகும். இந்த மாதிரி இடங்களில் நாங்கள் செய்கிற வழக்கமான வேலை ஒன்று உண்டு. ஊராரைத் தரையில் கோலமாவால் ஏரியை வரையச் சொல்வோம். பெருவெள்ளத்தில் தண்ணீர் எதுவரை வந்தது என்று அவர்கள் காட்டும் இடம்தான் எல்லை. மக்கள் வரைந்த வரைபடம் என்றால் கேள்வி கேட்க ஆள் இல்லை.

கரை மேல் பெருக்கிச் சுத்தம் செய்த இடத்தில் மாரக்காள்தான் கோலமாவு டப்பாவோடு குனிந்தாள். கரையைப் போட்டாள், மதகைப் போட்டாள், ஆலமரத்தைப் போட்டாள். மேற்குப் பக்கம் வந்ததும் கை நின்றது. பிறகு ஒரே இழுப்பில் கோட்டைக் கோழிப்பண்ணைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்விட்டாள்.

"பெரிய மழை வருசத்துல தண்ணி இதுவரைக்கும் வந்துச்சுங்க" என்றாள்.

பக்கத்து வீட்டுச் சின்னாயிக்கு அது பொறுக்கவில்லை. "ஏ மாரக்கா, அவ்வளவு தூரமா வந்துச்சு?"

"நீ அப்ப உங்கொம்மா ஊட்டுல இருந்த. உனக்கென்ன தெரியும்?"

கிழக்குப் பக்கம் கோடு அவள் வீட்டுக்கு நன்றாகக் கீழேயே நின்றது. யாரும் அதைத் திருத்தவில்லை. சென்னிமலையின் ஈ எல்லார் சோற்றிலும்தானே உட்கார்ந்தது.

அடுத்த நாள் அளவுக் கருவியோடு அவளையும் கூட்டிக்கொண்டு மேற்குச் சரிவில் நடந்தேன். பண்ணையின் வேலியைத் தாண்டி ஓர் இளம் பனைக்குப் பக்கத்தில் நின்றாள்.

"அக்கா, நெசமாவே இதுவரைக்கும் வந்துச்சுங்களா?"

"வந்துச்சுங்க தம்பி. இந்தப் பனையில முட்டி ஒசரத்துக்குக் கறை நின்னுச்சு. நானே பாத்தனுங்க."

அந்தப் பனைக்குப் பத்து வயதுகூட இருக்காது. பெரிய மழை பெய்ததோ இருபது வருடத்துக்கு முன்பு. அவள் முகத்தைப் பார்த்தேன், அவளும் என்னைப் பார்த்தாள். நான் கருவியைத் தரையில் ஊன்றி அந்த இடத்தின் உயரத்தைக் குறித்துக்கொண்டேன்.

தண்ணீருக்கு ஆள் பார்க்கத் தெரியாது. மேற்கே இத்தனை அடி உயரத்துக்கு ஏறினால் கிழக்கேயும் அத்தனை அடிக்கு ஏறும். அலுவலகத்தில் அந்த ஒரு உயரத்தைக் கணினியில் கொடுத்ததும் அது ஏரியைச் சுற்றி முழுக் கோட்டையும் தானே போட்டுவிட்டது. கோலமாவுக் கோடு எங்கே நின்றது என்று அதற்குக் கவலையில்லை. மேற்கே கோழிப்பண்ணை உள்ளே வந்தது. கிழக்கே பதினொரு வீடுகளும் உள்ளே வந்தன. பரப்பு நூற்று இருபத்துமூன்று ஏக்கர்.

நான் நெடுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு சித்தார்த்துக்கு அனுப்பினேன். அவர் உடனே போன் பண்ணினார்.

"பிரமாதம், ஜீவா. மக்களே எல்லையைச் சொல்லியிருக்காங்க. இதைவிட வேற என்ன வேணும் நமக்கு?"

கிழக்கே வீடுகள் இருக்கின்றன என்று சொன்னேன். ஆக்கிரமிப்பு விஷயம் துறை பார்த்துக்கொள்ளும், நாம் அதில் தலையிட முடியாது என்றார். துறையின் வனவர் குமரனிடம் சொன்னேன். "மேப்பு உங்களுது, சார். நீங்க குடுத்ததுலதான் நான் கையெழுத்துப் போடறேன்" என்றார். இரண்டு பேரும் சரியாகத்தான் பேசினார்கள்.

வரைபடத்தில் குழுவின் ஒப்புதல் வாங்கக் கூட்டம் போட்டேன். பெரிய தாள், மேசை மேல் விரித்தால் ஓரம் சுருண்டது. சுருளாமல் இருக்கக் கிழக்கு ஓரத்தில் டீ டம்ளரை வைத்தேன். பதினொரு சின்னக் கட்டங்களும் அந்த டம்ளருக்கு அடியில் இருந்தன.

மாரக்காள் நேராக மேற்குப் பக்கம்தான் பார்த்தாள். கோழிப்பண்ணை நீலக் கோட்டுக்குள் இருப்பதை விரலால் தொட்டுப் பார்த்து, சின்னப் பெண்ணைப் போலச் சிரித்தாள். பிறகு கேட்டாள்.

"என்ற ஊடு எங்கீங்க தம்பி இருக்குது இதுல?"

"இது பெரிய மேப்புங்க அக்கா. வீடெல்லாம் இதுல தெரியாது."

எழுத்துக் கூட்டி எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டாள். அந்தச் சிரிப்பு அப்போதும் அவள் முகத்தில் இருந்தது.

எட்டு மாதம் கழித்து நோட்டீஸ் வந்தது. பாதுகாப்புப் பகுதிக்குள் பன்னிரண்டு ஆக்கிரமிப்புகள், இருபத்தோரு நாளில் அகற்ற வேண்டும். பதினொரு வீட்டுச் சுவரிலும் ஒட்டினார்கள், பண்ணைக் கேட்டிலும் ஒட்டினார்கள். நான் போனபோது மாரக்காள் வாசலில் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"தப்பா ஒட்டிட்டுப் போயிட்டாங்க தம்பி. நீங்க கொஞ்சம் சொல்லுங்க. இந்தக் கார்டைக் காட்டினாப் போதுமில்லீங்க?" அட்டையை ஆணியிலிருந்து கழற்றித் தயாராக வைத்திருந்தாள்.

நான் அதைக் கையில் வாங்கவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்தாள். ஏரியைப் பார்த்தாள், அக்கரையில் இருந்த பண்ணையைப் பார்த்தாள். களைந்த தண்ணீரைக் கீழே ஊற்றாமல் அப்படியே வைத்துவிட்டாள்.

"தண்ணி ஒரு பக்கமா மட்டும் ஏறாதில்லீங்க" என்றாள்.

"ஆமாங்க அக்கா."

"அட கெரகமே. இத்தன வருசம் இந்தத் தண்ணியப் பாத்துக்கிட்டே கெடந்தனே." தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு, "நான் சொன்னது பொய்யின்னு எழுதிக் குடுத்துட்டா என்ன ஆவுமுங்க?" என்றாள்.

"எல்லை பழைய இடத்துக்கு வந்துரும். உங்க வீடு தப்பிச்சுரும்." நிறுத்தி, பிறகு சொன்னேன்: "அவரு பண்ணையும் தப்பிச்சுரும்."

கடைசி வாக்கியத்தை வேண்டுமென்றேதான் சொன்னேன். அவள் எழுதிக் கொடுத்தால் திட்டம் கவிழும், பொய்யை எழுதிக்கொண்டவன் யார் என்று விசாரணை வரும். அவளை எங்கே தொட்டால் வலிக்கும் என்று எனக்குத் தெரியும், அங்கே தொட்டேன். ஒரு நாள் டைம் கேட்டாள்.

மறுநாள் காலையில் அவளே போன் பண்ணினாள்.

"போவட்டுங்க தம்பி. மாத்து எடம் தர்றதாப் பேசிக்கறாங்கல்ல, எங்கியோ ஒண்ணு குடுப்பாங்க. அவன் கொட்டாய் என்ற கண்ணு முன்னால விழுவோணும். அது ஒண்ணு போதும் எனக்கு."

"ரங்கன் மாமாகிட்ட சொன்னீங்களா?"

"அவரு வாரப்ப சொல்லிக்கலாம்."

மற்றப் பத்து வீடுகளைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. போனை வைத்ததும் எனக்கு வந்தது நிம்மதிதான். வெட்கம் பிறகு வந்தது, அதனால் யாருக்கு என்ன பயன்?

இடிக்கிற அன்று காலை ஏழு மணிக்கு டீக்கடையில் குமரன் தன் செல்போனை என்னிடம் நீட்டினார். சென்னிமலை உயர் நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை வாங்கியிருந்தார். பண்ணை பட்டா நிலத்தில் இருந்தது, வக்கீல் இருந்தார், வேறென்ன வேண்டும்.

"நமக்கு இன்னைக்குப் பதினொண்ணுதான் சார்" என்றார் குமரன். "உங்க ஆளுங்கள நீங்க பாத்துக்குங்க. கலாட்டா ஆச்சுன்னா ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் கேள்வி வரும்."

சித்தார்த்துக்குப் போன் போட்டேன். "சட்டத்தை நாம கேள்வி கேட்க முடியாது. நம்ம கம்யூனிட்டி அமைதியா இருக்கணும், அது மட்டும்தான் நம்ம ரோல்" என்றார்.

ஜேசிபி வந்து நின்றது. போலீஸ் வேனும் வந்தது. பதினொரு வீட்டுக்காரர்களும் அவரவர் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள், எழுந்திருக்க மாட்டோம் என்று. சின்னாயி மண்ணெண்ணெய்க் கேனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாரக்காள் மட்டும் நின்றுகொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கிட்டே வந்தாள்.

"ஏனுங்க தம்பி, இதை முடிச்சுட்டு அங்க போவாங்களா? இல்ல மொதல்ல அங்க போயிட்டு வருவாங்களா?"

தடை வந்துவிட்டது என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவளும் வாசலில் உட்கார்ந்திருப்பாள். தான் காட்டிய எல்லை பொய் என்று போலீஸ் வேனுக்கு முன்னால் கத்தியிருப்பாள். அன்றைக்கு ஒரு வீடும் விழுந்திருக்காது. இதெல்லாம் அந்த நொடியில் எனக்குத் தெளிவாகவே தெரிந்தது.

"இங்க முடிச்சதும் அங்கதாங்க அக்கா" என்றேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பினாள். வீடு வீடாகப் போனாள். "எந்திரிங்க. சட்டம் எல்லாத்துக்கும் ஒண்ணுதான். நம்முளுதும் போவுது, அவனுதும் போவுது. பொழுதுக்குள்ள அவன் கொட்டாயும் தரமட்டமாயிரும், பாருங்க. மாத்து எடத்துக்கு நான் பொறுப்பு." சின்னாயியின் கையிலிருந்து கேனை அவளே வாங்கி எறிந்தாள். மூன்று வருடமாக அவள் சொன்னபடி கேட்டுப் பழகியவர்கள், எழுந்தார்கள். பாத்திரம், கட்டில், டிவி, அரிசி மூட்டை எல்லாம் வெளியே வந்தன. தன் சாமான்களைப் பிறகுதான் எடுத்தாள்.

முதலில் இடித்தது அவள் வீட்டைத்தான். துணைத்தலைவி வீட்டிலிருந்து ஆரம்பித்தால் மற்றவர்கள் அடங்கிவிடுவார்கள் என்று குமரன் கணக்குப் போட்டிருந்தார். இருபத்திரண்டு வருடம் கட்டியது பத்து நிமிடம் நிற்கவில்லை. அந்தச் சத்தத்தில் ஏரியிலிருந்த பறவைகள் மொத்தமும் எழுந்து ஒரு சுற்றுச் சுற்றி மறுபடியும் தண்ணீரில் இறங்கின. மாரக்காள் அழவில்லை. இரும்புப் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு கரை வழியாக அக்கரைக்கு நடந்தாள். பண்ணைக்கு எதிரே ஒரு வேப்ப மரத்தடியில் பெட்டியைப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள். நன்றாகப் பார்க்க வேண்டுமல்லவா.

சின்னாயி நடுவில் சாபம் விட ஆரம்பித்ததும் குமரன் ஒலிபெருக்கியை எடுத்தார். "யாரும் எங்களைத் திட்ட வேண்டாம். இந்த எல்லையைக் காட்டினது உங்க குழுவோட துணைத்தலைவிதான். பனைமரம் வரைக்கும் தண்ணி வந்துச்சுன்னு அவங்களே கையெழுத்துப் போட்டிருக்காங்க." சின்னாயிக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு மூட்டையைத் தூக்கிக்கொண்டு கரை மேல் நடந்தாள். வேப்ப மரத்தடிக்கு வந்ததும் நின்றாள்.

"உன்னய நம்பித்தானடி எந்திரிச்சேன்" என்றாள். "எங்க புள்ளைக படுக்கற எடத்துக்கு நீ வந்துராத. நீ கிழிச்ச கோட்டு மேலயே படுத்துக்க." ராத்திரி தங்கப் பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்டிருந்தார்கள், மற்றவர்களும் அவள் பின்னாலேயே அங்கே போனார்கள். ஒருவரும் மாரக்காள் பக்கம் திரும்பவில்லை.

மத்தியானம் மூன்று மணிக்கு வேலை முடிந்தது. ஜேசிபி கரை மேல் ஏறி மேற்கே வந்தது. அந்தப் பக்கம்தான் அதை ஏற்றிப் போகும் லாரி நின்றது. வண்டி வருவதைப் பார்த்ததும் மாரக்காள் துள்ளி எழுந்தாள். முன்னால் ஓடி, பாதையில் கிடந்த முள்ளை இரண்டு கையாலும் இழுத்து ஒதுக்கினாள்.

"இப்படி வாங்க சாமி, இப்படித்தான் வழி. நேரா வுடுங்க, கேட்டு இங்கதான் இருக்குது."

டிரைவர் வண்டியை நிறுத்தாமலே தலையை நீட்டினான். "எனக்குப் பதினொண்ணுதாங்கம்மா சொன்னாங்க. முடிஞ்சுது."

வண்டி லாரிப் பலகையில் ஏறியது, சங்கிலி போட்டார்கள். மாரக்காள் கையில் முள் குத்தி ரத்தம் வந்துகொண்டிருந்தது. அவள் திரும்பி, ஜீப்புக்குப் பக்கத்தில் நின்ற என்னிடம் வந்தாள்.

"போவுமுன்னு சொன்னீங்களே தம்பி."

"எனக்கும் இப்பத்தாங்க அக்கா தெரியும். காலைல திடீர்னு ஸ்டே..."

"காலைலயேவா?"

அவ்வளவுதான் கேட்டாள். அவள் என்னை அறைந்திருக்கலாம். அறைந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவள் என்னைத் தாண்டி ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எதிர்க்கரையில் பதினொரு குவியல்களும் வரிசையாகத் தெரிந்தன.

பண்ணைக் கேட்டைத் திறந்துகொண்டு சென்னிமலை வெளியே வந்தார். உள்ளே கோழிகளின் கூச்சல். அவர் குரலில் கேலி இல்லை, அதுதான் கொடுமை. உண்மையாகவே இரக்கப்பட்டார்.

"ஏ மாரக்கா. பொழுது எறங்கப் போவுது, எங்க போவ? முட்டை பொறுக்க எனக்கும் ஆள் பத்தல. பின்னால ஒரு ரூமு சும்மாத்தான் கெடக்குது. ரங்கன் வாரவரைக்கும் இருந்துக்க."

பள்ளிக்கூடத்துப் பக்கம் சின்னாயியும் மற்றவர்களும் போன பாதையை அவள் பார்த்தாள். பிறகு வேப்ப மரத்தடிக்குப் போய்ப் பெட்டியின் ஒரு கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினாள். நான் ஓடிப்போய் இன்னொரு கைப்பிடியைப் பிடிக்கப் போனேன். அவள் பெட்டியை வெடுக்கென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டு, தரையில் உரச உரசக் கேட்டு வரை கொண்டுபோனாள். அங்கே நின்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி சென்னிமலையிடம் கேட்டாள்.

"பொட்டிய எங்கீங்க வெக்கறது?"